வீட்டு இணையம்: போன் டேட்டாவே போதுமா, லைன் இழுக்கணுமா?

"நாலு போன்லயும் தினம் 2 ஜிபி பேக் ஓடுது. இதுக்கு மேல வீட்டுக்குத் தனியா ஒரு லைன் தேவையா?" வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் இப்போது இதுதான் முதலிடம். அடுத்தது, "ஃபைபர் கேட்டேன், எங்க தெருவுக்கு ஏர்ஃபைபர்தான் கிடைக்குமாம், எடுக்கலாமா?" மூன்றாவது, பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேட்பது: "அம்மாவோட வீடியோ கால்ல பேசணும், அது மட்டும் நிக்காம வரணும், என்ன போடலாம்?"

ஃபைபர் என்பது வீடு வரை வரும் கண்ணாடி இழை லைன்; ஏர்ஃபைபர் என்பது டவரிலிருந்து காற்றில் வரும் வீட்டு இணையம். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூன்று பேரும் முதலில் பார்ப்பது எது எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) வேகம் என்பதைத்தான். இந்தியாவில் ஓர் இணைப்பை பிராட்பேண்ட் என்று அழைக்க 2 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்பது 2023 ஜனவரியில் வந்த வரையறை. அதற்கு முன் 512 கேபிபிஎஸ், அதாவது அரை எம்பிபிஎஸ்தான். இன்று மலிவான ஃபைபர் திட்டங்களே பெரும்பாலும் 30 எம்பிபிஎஸ் அளவில் தருகின்றன. ஒரு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் தாராளம். எனவே காகிதத்தில் எழுதியிருக்கும் வேகம் போதாமல் தவிக்கும் வீடுகள் குறைவு. இணைப்புகள் காலை வாருவது வேறு இடங்களில்: ராத்திரி எட்டரை மணிக்கு, கரன்ட் போகும்போது, மழையில், தெருவில் பள்ளம் தோண்டும்போது. என்னைக் கேட்டால், அறுந்தால் யார் வந்து ஒட்டுவார்கள் என்ற கேள்விக்குத்தான் எம்பிபிஎஸ்ஸைவிட அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில், ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுகிறது என்று எண்ணுங்கள். வீட்டில் ஆறு பேர் இருக்கலாம். இரவில் டிவி ஒன்று, மகளின் வகுப்பு ஒன்று, போன் ஒன்று என மூன்று திரைதான் ஓடும். அந்த மூன்றுதான் கணக்கு.

அடுத்து மாதத்துக்கு எத்தனை ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும், 4கே-யில் 7 ஜிபி வரை. தினம் 2 ஜிபி பேக் என்றால் எச்டியில் நாற்பது நிமிடம். ஒரு படத்தின் இடைவேளைக்கே போதாது. போன் திரையில் குறைந்த தரத்தில் பார்க்கும்போது இது தெரிவதில்லை. ஸ்மார்ட் டிவி வாங்கிய மாதத்தில்தான் தெரியும். கிடைக்கும் வேகத்துக்கு ஏற்ற உச்ச தரத்தை டிவி தானாகவே எடுத்துக்கொள்ளும், ஆப் அப்டேட்டுகளையும் கேட்காமல் இறக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, வருடச் செலவு. மாதக் கட்டணத்தை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன். பிறகு, கரன்ட் போனால் என்ன ஆகும், வாடகை வீட்டிலிருந்து மாறினால் என்ன ஆகும், பழுது வந்தால் யார் வருவார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் பாடம் எடுப்பவர்களும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மேலேற்றும் வேகம். படம் பார்க்க இறக்கும் வேகம் போதும். உங்கள் முகம் எதிர்முனையில் உறையாமல் தெரிய வேண்டுமென்றால் அப்லோடு வேண்டும்.

## மொபைல் டேட்டாவும் ஹாட்ஸ்பாட்டும்

மாட்டுவதற்கு ஆள் வர வேண்டாம், ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டாம், வீடு மாறினால் கூடவே வரும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் இருந்துகொண்டு பகல் முழுக்க அலுவலகத்தில் கழிக்கும் தனி ஆளுக்கு இதற்கு மேல் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 5ஜி போனும், ஜன்னலோரம் நல்ல சிக்னலும் இருந்தால் வேகமும் பல ஃபைபர் திட்டங்களைத் தாண்டும்.

சிக்கல் குடும்பத்துக்குள் வரும்போதுதான் தொடங்குகிறது. ஹாட்ஸ்பாட் என்பது ஒருவருடைய போன். அவர் கடைக்குப் போனால் வீட்டு நெட்டும் கடைக்குப் போய்விடும். மணிக்கணக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு, சார்ஜரிலேயே கிடக்கும் போன் சூடாகிறது. பேட்டரியின் ஆயுளும் குறைகிறது. இதற்கென்று சிம் போடும் ரூட்டர் தனியாக விற்கிறது. ஆனால் அது 4ஜி ரூட்டராக இருந்தால் அளவில்லா 5ஜி சலுகை அதில் கிடைக்காது, தினசரி ஜிபிதான் கரையும்.

அந்த அளவில்லா 5ஜி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது அதை ஏறக்குறைய எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை உயர்த்தியபோது, பெரும்பாலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பேக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். இன்னொரு விஷயம் சுவர். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கான்கிரீட்டுக்குள் அதிகம் நுழையாது. ஹாலில் 5ஜி, உள்ளறையில் 4ஜி என்று ஆகும். 4ஜிக்கு விழுந்த நொடியிலிருந்து தினசரி அளவிலிருந்து கழியத் தொடங்கும், போன் அதைச் சொல்லாது. "அன்லிமிடெட்னு போட்டிருக்கு, ஆனா மதியமே டேட்டா தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் வருது" என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு 28 நாள். மாதம் என்று நாம் நினைப்பது 28 நாள் பேக். வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். 349 ரூபாய் பேக் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,537 ரூபாய். இதைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் தர வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. அவை இருக்கின்றன, ரீசார்ஜ் ஆப் முதலில் காட்டுவது மட்டும் 28 நாள்தான்.

டவரைப் பல வீடுகள் பகிர்கின்றன. பகலில் நீங்கள் சோதித்துப் பார்த்த வேகம் இரவு ஒன்பது மணிக்கு இருக்காது. டிராயின் மைஸ்பீட் ஆப்பை இறக்கி, டிவி இருக்கும் இடத்தில் நின்று, வார நாளில் ஒரு இரவும் ஞாயிற்றுக்கிழமை ஒரு இரவும் சோதியுங்கள். ஜன்னலோரம் எடுத்த அளவு ஜன்னலுக்குத்தான் பொருந்தும்.

## ஏர்ஃபைபர்

பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு இழை எதுவும் வராது. மொட்டை மாடியில் டவரைப் பார்த்தபடி ஒரு பெட்டி மாட்டுவார்கள், அது 5ஜி சிக்னலைப் பிடித்து ஒரு கேபிள் வழியாக உள்ளே ரூட்டருக்கு அனுப்பும். மாடியில் பெட்டி வேண்டாம், உள்ளேயே வைக்கலாம் என்ற வகையும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் அடுத்த மாதம் ஜியோவும் இதைத் தொடங்கின. ஜியோ முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று.

போனில் வரும் 5ஜியைவிட இது நிலையாக இருக்கும், ஏனென்றால் பெட்டி சுவருக்கு வெளியே இருக்கிறது, நகர்வதில்லை, ஆன்டெனாவும் பெரியது. ஆனால் அதே டவர், அதே சாயங்கால நெரிசல்.

மழை வந்தால் டிஷ் டிவி மாதிரி நின்றுவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். டிடிஎச் சிக்னல் 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. மழைத்துளி அதை நன்றாகவே உறிஞ்சும். ஏர்ஃபைபர் பயன்படுத்தும் 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையை மழை பெரிதாகப் பாதிக்காது. மழையில் அது நின்றால், டவருக்குக் கரன்ட் போயிருக்கும், அல்லது டவருக்குப் போகும் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது அளவு. ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதத்துக்கு 3.3 டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி) அளவில் வரம்பு வைக்கிறார்கள், ஏர்ஃபைபரில் 1 டிபி. தாண்டினால் வேகம் படுத்துவிடும். 1 டிபி என்பது தினம் 33 ஜிபி, எச்டியில் பதினோரு மணி நேரம். சாதாரண வீட்டுக்கு இது போதும். போதாமல் போவது சிசிடிவியால். 2 எம்பிபிஎஸ்ஸில் இருபத்து நாலு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பும் ஒரு கேமரா நாளுக்கு 21.6 ஜிபி தின்னும், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 650 ஜிபி. இரண்டு கேமரா இருந்தால் மாதம் முடிவதற்குள் 1 டிபி முடிந்துவிடும். அசைவு இருந்தால் மட்டும் அனுப்பு என்று கேமராவில் மாற்றினால் இது பல மடங்கு குறையும். வீட்டிலேயே மெமரி கார்டிலோ டிவிஆரிலோ பதிவு செய்தால் இந்தக் கவலையே இல்லை.

வாடகை வீட்டில் மொட்டை மாடிக்கு அனுமதி வேண்டும், அதிலும் சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால் சில ஓனர்கள் முகம் சுளிப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாட்டும் கட்டணம் தள்ளுபடி என்பார்கள்; ஆறாவது மாதம் வீடு மாறி, புது இடத்தில் 5ஜி இல்லையென்றால் அந்தத் தள்ளுபடியின் விலை தெரியும்.

ஏர்ஃபைபர் ஜெயிக்கும் இடங்கள் உண்டு. ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகள், கேபிள்காரர் "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லும் தெருக்கள், சாலைப் பணியால் மாதம் ஒருமுறை கேபிள் அறுபடும் பகுதிகள். தேரோடும் வீதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தேருக்குக் குறுக்கே போகும் ஒயர்களைத் திருவிழாவுக்கு முன் கழற்றுவார்கள், பிறகு எல்லோரும் ஒரே அவசரத்தில் மாட்டுவார்கள். அந்த வாரத்தில் மாடியில் இருக்கும் பெட்டி நிம்மதி.

## ஃபைபர் லைன்

தலைமுடி அளவு கண்ணாடி இழை, அதில் ஒளி. இணைப்பகத்திலிருந்து வரும் ஓர் இழையைத் தெருவில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். ஜிபான் எனப்படும் இந்தப் பகிர்வு முறையில் அந்த ஓர் இழையின் கொள்ளளவு 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். இதையும் பகிரத்தான் செய்கிறோம், ஆனால் ஒரு டவரைப் பகிர்வதோடு இதை ஒப்பிடவே முடியாது. தாமதமும் குறைவு, வீடியோ காலில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கே விழுவது, விளையாட்டில் சுட்ட பிறகு குண்டு போவது போன்ற தொல்லைகள் பெரும்பாலும் போய்விடும். மேலேற்றும் வேகமும் நிலையாகக் கிடைக்கும். பல திட்டங்களில் இரு பக்கமும் ஒரே வேகம்.

ஒன்றுக்கு மேற்பட்ட திரை, ஒரு ஸ்மார்ட் டிவி, வீட்டிலிருந்து வேலை அல்லது படிப்பு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் தயங்காமல் ஃபைபர் எடுங்கள் என்பதுதான் என் பதில். தயங்க வேண்டியது யாரிடம் எடுப்பது என்பதில்.

### யாரிடம்?

பெரிய தனியார் நிறுவனங்களிடம் எடுத்தால் ஆப்பில் புகார் பதியலாம், எண் வரும், குறுஞ்செய்தி வரும். வரும் டெக்னீஷியன் ஒப்பந்த ஆள், ஒரு நாளுக்கு இத்தனை வீடு என்று ஓடுபவர். நகரத்தில் இது நன்றாகவே வேலை செய்யும், ஊர் சிறிதாகச் சிறிதாக ஆள் வரும் நேரம் நீளும்.

பிஎஸ்என்எல் ஃபைபரைப் பல ஊர்களில் தருவது உள்ளூர் பங்குதாரர்கள். பெரும்பாலும் பழைய கேபிள்காரர்கள். பில் பிஎஸ்என்எல் பெயரில், இழுப்பதும் ஒட்டுவதும் அவர்கள். அதனால் "பிஎஸ்என்எல் எப்படி?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் தெருவுக்கு யார் பங்குதாரர், அவர் எப்படி என்று கேளுங்கள். பழைய லேண்ட்லைன் எண்ணை விட மனமில்லாத வீடுகளுக்கு இதில் ஒரு வசதி: ஃபைபருடன் குரல் அழைப்பும் சேர்ந்தே வரும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். செம்புக் கம்பி காலத்து லேண்ட்லைனுக்கு மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே வரும், அதனால் ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். ஃபைபரில் வரும் லேண்ட்லைன், வீட்டு மோடத்தில் கரன்ட் இல்லையென்றால் செத்துவிடும்.

மூன்றாவது, உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் சொந்த இணையம். விலை குறைவு, மாதக் காசைக் கையில் கொடுக்கலாம், ஆளை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேகம் எழுதிய அளவுக்கு வருமா என்பது அவர் பெரிய நிறுவனத்திடம் எவ்வளவு பேண்ட்விட்த் வாங்கி எத்தனை வீட்டுக்குப் பங்கு போடுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு "அண்ணே, மோடத்துல ரெட் லைட் எரியுது" என்று போன் போட்டால் அரை மணியில் ஏணியோடு வந்து நிற்பவர் பெரும்பாலும் இவர்தான். நூறு ரூபாய் விலை வித்தியாசத்துக்காக இந்த ஏணியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பக்கத்து வீட்டாரிடம் "வேகம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "கடைசியா எப்போ நின்னுச்சு, எத்தனை நாள்ல வந்தாங்க?" என்று கேளுங்கள்.

சட்டத்திலும் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத்தர விதிகளின்படி, லைன் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மாதக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

### சொல்லாமல் வரும் செலவுகள்

விளம்பர விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 399 என்றால் 471, 499 என்றால் 589. மொபைல் ரீசார்ஜ் விலை வரியையும் உள்ளடக்கியது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதால்தான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது.

மோடத்துக்கு டெபாசிட், கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஒயர் தூரமானால் கூடுதல் காசு, மாதாமாதம் கட்டும் திட்டமென்றால் மாட்டும் கட்டணம். இவற்றைத் தொடக்கத்திலேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வைஃபை பரவுவது தனிக் கதை. வேலையைச் சீக்கிரம் முடிக்க மோடத்தை வாசலை ஒட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். ஒன்றரையடிச் சுவர் கொண்ட பழைய வீடுகளிலும், கீழும் மேலுமாக இருக்கும் வீடுகளிலும் கடைசி அறைக்கு எட்டாது. வீட்டின் நடுவில் வைக்கச் சொல்லி அடம்பிடியுங்கள். இழையைச் சுவர் ஓரமாக நீட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை, முக்கில் நெருக்கி மடக்காமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். டிவிக்கு மட்டும் லேன் கேபிள் கொடுத்துவிட்டால் வைஃபையின் பாதிச் சுமை இறங்கும்.

மாட்டி முடித்ததும் டெக்னீஷியனிடம் பவர் மீட்டரில் ஒளியின் வலிமை எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (அந்த வலிமையின் அலகு) சுற்றி இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடும், இழை கொஞ்சம் மடங்கினாலும் சிவப்பு விளக்கு எரியும். அப்போதே திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். அவர் போன பிறகு அதற்குத் தனிப் புகார் போட வேண்டியிருக்கும்.

## கரன்டும் புயலும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரன்ட் மதியம் தாண்டித்தான் வரும். அன்று மோடம் அணைந்தால், ஃபைபர் உயிரோடு இருந்தும் பயனில்லை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மோடம் இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். ஏர்ஃபைபரில் மாடிப் பெட்டிக்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும் என்பதால் சின்ன யுபிஎஸ் போதாமல் போகலாம். தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் கருவிக்கு பேக்கப் இருக்கிறதா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் வெறும் விளக்கு எரிக்கும்.

பெரும் புயலில் எதையும் நம்ப முடியாது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது தலைக்குமேல் ஓடிய ஒயர்கள் அவற்றோடு போயின. 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் மின்கம்பங்களையே வரிசையாகப் படுக்க வைத்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. டவர்களுக்கு பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் உண்டு என்றாலும் டீசல் கொண்டுபோகச் சாலை வேண்டும். ஆனால் மீட்பில் ஒரு வித்தியாசம் உண்டு: ஒரு டவர் எழுந்தால் ஊரே எழும், ஃபைபரை வீடு வீடாக ஒட்ட வேண்டும். அதனால் ஃபைபர் வீட்டிலும் ஒரு போனிலாவது டேட்டா இருக்க வேண்டும். முடிந்தால் அது ஃபைபர் தரும் நிறுவனத்தின் சிம்மாக இருக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் முதன்மைக் கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்து படுக்கலாம்.

## நான்கு போன் வீட்டின் கணக்கு

நான்கு பேருக்கும் 349 ரூபாய் பேக் என்றால் வருடத்துக்கு 18,148 ரூபாய். இதற்கு மேல் 589 ரூபாய் ஃபைபர் சேர்த்தால் இன்னும் 7,068. "கட்டுப்படியாகாது" என்ற முடிவுக்குப் பலர் வருவது இந்த இடத்தில்தான். ஆனால் ஃபைபர் வந்த பிறகு நான்கு போனுக்கும் அதே பேக் எதற்கு?

2024 டிசம்பரில் டிராய், டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே நிறுவனங்கள் கொண்டுவந்தன. வருடத்துக்கு 1,850 ரூபாய் அளவில். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத இருவருக்கு இதைப் போட்டால் ஃபைபரையும் சேர்த்து மொத்தம் 19,842. பழைய செலவைவிட மாதத்துக்கு 141 ரூபாய்தான் கூடுதல். மூன்று பேருக்குப் போட முடிந்தால் மொத்தம் 17,155, அதாவது ஃபைபர் எடுத்த பிறகு செலவு குறைகிறது. தனி ஆளுக்கு இந்த மந்திரம் பலிக்காது, இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கும் அரைகுறையாகத்தான். அழைப்பு பேக்கைத் தேடித்தான் எடுக்க வேண்டும், கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

இன்னொரு லாபம், உள்ளே சிக்னல் வராத வீடுகளில் வைஃபை காலிங். போனில் அந்த அமைப்பை இயக்கிவிட்டால் சாதாரண அழைப்பே வீட்டு வைஃபை வழியாகப் போகும். "ஹலோ ஹலோ" என்று வாசலுக்கு ஓட வேண்டியதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மொபைல் டேட்டா | ஏர்ஃபைபர் | ஃபைபர் |
|---|---|---|---|
| ஒரே நேரத்தில் திரைகள் | ஒன்று, இழுத்துப் பிடித்தால் இரண்டு | மூன்று நான்கு | நான்குக்கு மேல் |
| அளவு | தினம் 1.5 முதல் 3 ஜிபி; 5ஜி கிடைக்கும் இடத்தில் தளர்வு | மாதம் 1 டிபி | மாதம் 3.3 டிபி அளவில் |
| இரவு நேர வேகம் | மிகவும் இறங்கும் | இறங்கலாம் | பெரும்பாலும் அப்படியே |
| கரன்ட் போனால் | போன் சார்ஜ் இருக்கும்வரை | மாடிப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் யுபிஎஸ் | மோடத்துக்கு மினி யுபிஎஸ் |
| வீடு மாறினால் | கூடவே வரும் | புது இடத்தில் 5ஜி இருந்தால் | அந்தத் தெருவில் லைன் இருந்தால் |
| பழுது | டவர் சரியாகும்வரை காத்திருப்பு | நிறுவனத்தின் ஆள் | நிறுவனத்தின் ஆள் அல்லது கேபிள்காரர் |
| விலையில் வரி | சேர்ந்தே இருக்கும் | தனி | தனி |

## யாருக்கு எது

அறை எடுத்துத் தங்கியிருக்கும் தனி ஆள்: மொபைல். அறையில் மூன்று நான்கு பேர் சேர்ந்திருந்தால் ஃபைபர் எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வது மலிவு, யார் பெயரில் எடுக்கிறீர்களோ அவர் முதலில் காலி செய்யாதவராக இருக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் உள்ள சொந்த வீடு: ஃபைபர், பக்கத்து வீட்டில் யாரிடம் எடுத்து நன்றாக ஓடுகிறதோ அவரிடமே.

வாடகை வீடு, பதினொரு மாத ஒப்பந்தம்: ஃபைபர்தான், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்ட வேண்டாம். மாட்டும் கட்டணம் போனால் போகட்டும்.

வீட்டிலிருந்து முழுநேர வேலை: ஃபைபரும், வேறு நிறுவன சிம்மும். அலுவலகம் இணையப் படி கொடுத்தால் பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். காசைக் கையில் வாங்கும் சில உள்ளூர் ஆபரேட்டர்கள் ஜிஎஸ்டி பில் தருவதில்லை.

கடை, சிசிடிவி: ஃபைபர். வெளியூரிலிருந்து கேமராவை நேரடியாகப் பார்க்க நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய முகவரி) தேவைப்பட்டால் அதைத் தருவார்களா, எவ்வளவு கூடுதல் என்று முன்பே கேளுங்கள். மொபைலிலும் ஏர்ஃபைபரிலும் ஒரே பொது ஐபி முகவரியைப் பலர் பகிர்வதால், வெளியிலிருந்து நேரடியாக உள்ளே நுழைய முடியாது. கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்ப்பதானால் இந்தச் சிக்கல் இல்லை.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர்: இங்கே என் பதில் பலருக்குப் பிடிக்காது. வாரம் மூன்று வீடியோ கால் மட்டும்தான் என்றால் நல்ல சிக்னல் உள்ள சிம்மே போதும். தேதி பார்த்து நீங்களே இங்கிருந்து ரீசார்ஜ் செய்துவிடலாம். டிவியிலும் யூடியூப் பார்ப்பவர்களென்றால் ஃபைபர், அதுவும் உள்ளூர் ஆளிடம். கால் சென்டருக்குப் போன் போட்டு ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்பது எழுபது வயதில் நடக்காது. மோடத்தின் மேல் கேபிள்காரரின் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அவர் எண் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஃபைபர் வராத, 5ஜியும் வராத இடங்கள்: மலைக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் நிறைய. அங்கே எந்த நிறுவனத்தின் 4ஜி மாடியில் நன்றாகக் கிடைக்கிறது என்று இரண்டு மூன்று சிம் போட்டுப் பார்த்து, வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி ரூட்டரை வாங்குங்கள். வாங்கும்போது ஆன்டெனா கழற்றி மாட்டக்கூடியதா என்று பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். பல ரூட்டர்களில் அதைக் கழற்றவே முடியாது.